ஸ்கேன் அறையில் நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகாதது: வேலூர், ஆற்காடு பக்கத்து ஆட்கள் எழுதுங்கள்

அணைக்கட்டுக்காரன்

அப்பாவுக்கு ஈரலில் சீழ்க்கட்டி. காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி, ஊரில் போட்ட ஊசி மாத்திரை எதற்கும் கேட்கவில்லை, கடைசியில் வேலூர். அந்தக் கதையை விட்டுவிடுகிறேன். எனக்கு மறக்காதது சீழை எடுக்கக் குழாய் வைத்த நேரம்.

ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் கொண்டுபோவார்கள் என்று நினைத்தோம். போனது சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அறைக்கு. தோலை மரத்துப்போகச் செய்தார்கள், அப்பா முழு நினைவோடு படுத்திருந்தார். என்னைக் கதவோரம் நிற்க விட்டார்கள். திரையில் ஈரல் சாம்பல் நிறம். அதன் நடுவில் கருப்பாக, கொஞ்சம் கலங்கலாக ஒரு குழி. டாக்டர் ஒரு கையில் கருவியை விலாவில் வைத்துக்கொண்டு, மறு கையால் ஊசியை இறக்கினார். திரையில் வெள்ளைக் கோடு ஒன்று ஓரத்திலிருந்து வந்தது. பாதியில் நிறுத்திவிட்டார்.

அப்பா பயத்தில் வேகவேகமாக மூச்சு விடுகிறார். மூச்சோடு சேர்ந்து ஈரல் மேலும் கீழும் போகிறது, நுரையீரலின் ஓரம் ஊசி போகும் வழிக்கே இறங்கி வருகிறது. "ஐயா, அவசரமே இல்ல. மெதுவா மூச்ச விட்டு அப்படியே பிடிச்சுக்கோங்க" என்றார் டாக்டர். அப்பா பிடித்தார். கோடு நகர்ந்து குழிக்குள் போய் நின்றது. செம்மண் கரைத்த தண்ணீர் போலச் சீழ் வந்தது. அன்று ராத்திரியே காய்ச்சல் இறங்கியது.

பார்த்துக்கொண்டே செய்ததால்தான் அந்த இடத்தில் நிறுத்த முடிந்தது. பார்க்காமல் குத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இப்போதும் படுக்கும்போது வருகிறது.

குடியாத்தம் அம்மா

என் பையனுக்கு அப்போது 8 மாதம். திடீரென்று காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுவான். கொஞ்ச நேரத்தில் சோர்ந்து படுத்துவிடுவான். மறுபடியும் அதே அழுகை. உரம் விழுந்திருக்கிறது என்று அத்தை சொல்லி, உரம் எடுக்கிற பாட்டியிடம் கொண்டுபோய்ப் புடவையில் போட்டு உருட்டியும் பார்த்தாகிவிட்டது. சாயங்காலம் மலத்தில் ரத்தமும் சளியும் ஜெல்லி மாதிரி வந்தது. அப்புறம் ஒரு நிமிடம் நிற்கவில்லை.

ஸ்கேன் டாக்டர் வயிற்றில் கருவியை வைத்ததுமே "இதோ பாருங்கம்மா" என்றார். வட்டத்துக்குள் வட்டம். குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொண்டிருக்கிறதாம். கிழிக்கப் போகிறார்கள் என்று எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் ஆசனவாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு, வெதுவெதுப்பான சலைன் தண்ணீரை மேலே ஏற்றினார்கள். தண்ணீரின் அழுத்தம் செருகின குடலைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அதை ஸ்கேனில் பார்த்தபடியே இருந்தார்கள். குடல் ஓட்டை விழுந்தால் உடனே ஆபரேஷன் செய்ய சர்ஜன் பக்கத்திலேயே நின்றார்.

அந்த வட்டம் மெதுவாகப் பின்வாங்கி, ஒரு இடத்தில் வந்து அசையாமல் நின்றது. யாரும் பேசவில்லை. பையன் மட்டும் கத்துகிறான். சட்டென்று வட்டம் காணாமல் போய், தண்ணீர் குபுகுபுவென்று சிறுகுடலுக்குள் பாய்ந்தது திரையில் தெரிந்தது. "வந்துடுச்சு" என்றார் சர்ஜன். எனக்கு அந்த ஒரு சொல் போதும்.

மறுபடியும் செருகலாம் என்று ராத்திரி வார்டில் வைத்துப் பார்த்தார்கள். வரவில்லை. விட்டு விட்டு வீறிடும் அழுகை, இடையில் சோர்வு, மலத்தில் ரத்தம், இந்த மூன்றையும் பார்த்தால் தயவுசெய்து யாரும் உருட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

வாலாஜா வாத்தியார்

குடியாத்தம் அம்மா, குழந்தை நலமாக இருப்பது சந்தோஷம். ஆனால் பெரியவர்களைக் குறை சொல்ல வேண்டாம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக உரம் எடுத்திருக்கிறோம், எந்தக் குழந்தைக்கும் கெடுதல் வந்ததில்லை.

என் அனுபவம் சின்னது. பித்தப்பையில் கல். டாக்டர் என்னை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். திரையில் வெள்ளைப் புள்ளி உருண்டு இன்னொரு பக்கம் போனது, அதன் பின்னால் கருப்பு நிழலும் கூடவே போனது. "உருண்டா கல்லு, ஒட்டிக்கிட்டு நின்னா சதை வளர்ச்சியா இருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன். பித்தப்பை பார்க்க வேண்டுமென்றால் 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு. ஒரு டம்ளர் பால் காபி குடித்தாலும் பித்தப்பை சுருங்கிவிடும், சுருங்கின பைக்குள் கல் சரியாகத் தெரியாது. கர்ப்பப்பை, புராஸ்டேட் பார்ப்பதற்கு நேர்மாறு: தண்ணீர் குடித்து மூத்திரப்பை நிரம்பியிருக்க வேண்டும், அது குடலை ஒதுக்கி வழி விடும். கூழ் மாதிரி தடவுகிறார்களே, அதைத் துடைக்காதீர்கள். தோலுக்கும் கருவிக்கும் இடையில் துளி காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும். எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு இதில் கிடையாது, கர்ப்பிணிகள் அதற்காகப் பயப்பட வேண்டாம். பழைய ரிப்போர்ட்டை மறக்காமல் கொண்டுபோங்கள், போன வருடம் 5 மில்லிமீட்டர் இருந்தது இப்போது எவ்வளவு என்பதுதான் டாக்டருக்கு வேண்டும். ரிப்போர்ட்டில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' (ஈரலில் லேசான கொழுப்பு) என்று பார்த்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், எடையைக் குறையுங்கள், நடங்கள். மொத்தத்தில் வயிற்றில் என்ன இருந்தாலும் ஸ்கேன் காட்டிக்கொடுத்துவிடும்.

குடியாத்தம் அம்மா

ஐயா, நான் அத்தையைக் குறை சொல்லவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு என்னோடு ஆட்டோவில் வந்து, ராத்திரி முழுக்க வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர் அவர்தான். உருட்டுவதில் நேரம் போகிறது என்பதைத்தான் சொன்னேன். நேரம் போனால் செருகின குடலுக்கு ரத்தம் போகாது.

ஆம்பூர் ஷூ கம்பெனி

வாத்தியார் ஐயாவின் கடைசி வரி தப்பு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் தம்பிக்கு வலது அடிவயிற்றில் வலி. ஒரு இடத்தில் ஸ்கேன் எடுத்தோம். கவுண்டரில் "நார்மல், வீட்டுக்குப் போலாம்" என்றார்கள். ரிப்போர்ட்டைப் படித்தால் குடல்வால் 'தெரியவில்லை' என்றுதான் இருக்கிறது. வாயு மறைத்தாலோ, குடலுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தாலோ அது திரையில் வராது. அதை எப்படி நார்மல் என்று சொல்ல முடியும்? வலி கூடிக்கொண்டே போனது. வேலூரில் வேறு ஒரு டாக்டர் முதலில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். அப்புறம் "எந்த இடம்னு ஒரே விரலால காட்டுப்பா" என்றார். அவன் காட்டின அதே இடத்தில் கருவியை வைத்து, வாயு ஒதுங்கும் வரை பொறுமையாக அழுத்தினார். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டான். அழுத்தியும் நசுங்காத ஒரு குழல் தெரிந்தது. 6 மில்லிமீட்டருக்கு மேல் போனாலே சந்தேகமாம், இது 9. மறுநாள் ஆபரேஷன்.

மெஷின் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் இருந்தது. பிடித்த கைதான் வேறு.

காட்பாடி ரயில்வே காலனி

ஆம்பூர் தம்பி சொன்ன அதே அழுத்தம், எங்களுக்குக் காலில். சிசேரியன் முடிந்து வீட்டுக்கு வந்த மனைவிக்கு இடது கால் மட்டும் வீங்கி வலித்தது. நரம்பு பிசகியிருக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா எண்ணெய் காய்ச்சி நீவ உட்கார்ந்துவிட்டார். பார்க்க வந்த என் தங்கை பிஎஸ்சி நர்சிங் படிக்கிறாள், தொடவே விடவில்லை.

டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) அறையில் தொடை இடுக்கில் கருவியை வைத்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வட்டம். துடிப்பது தமனி, மற்றது சிரை. டாக்டர் லேசாக அழுத்தினால் சிரை தட்டையாகிவிட வேண்டும். வலது காலில் ஆனது. இடது காலில் எவ்வளவு அழுத்தியும் வட்டம் வட்டமாகவே நின்றது. உள்ளே ரத்தம் உறைந்து கட்டியாக இருக்கிறது. நீவியிருந்தால் அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கலாம் என்றார். வயிற்றில் போடும் ஊசி, அப்புறம் பல மாதம் மாத்திரை. இப்போது நன்றாக இருக்கிறாள். பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ பிறகு ஒரு கால் மட்டும் வீங்கினால் நீவாதீர்கள்.

காந்தி ரோடு லாட்ஜ்

சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜில் வேலை. எங்களிடம் தங்குகிறவர்களில் வங்காளிகள் நிறைய. ஒரு பெரியவருக்கு புராஸ்டேட் ஸ்கேன், துணைக்கு ஆள் இல்லை, நான் கூடப் போனேன். தண்ணீர் குடித்துவிட்டு அடக்க முடியாமல் நெளிகிறார், மொழி தெரியாததால் சொல்ல வழியில்லை. கடைசியில் என் கையைப் பிடித்து அழுதுவிட்டார். தெரிந்த அரைகுறை வங்காளத்தில் அவரிடம் கேட்டு, சிஸ்டரிடம் எடுத்துச் சொன்னேன், உடனே முன்னால் கூப்பிட்டார்கள். மொழி தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சத்துவாச்சாரி சிஸ்டர்

நான் ஸ்கேன் அறையில் வேலை பார்த்தவள். 5-ம் மாத ஸ்கேனுக்கு ஒரு பெண் வந்தாள். முதல் குழந்தைக்கு இதயத்தில் கோளாறு இருந்து தவறிவிட்டது. டாக்டர் இதயத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார், குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்ததால் அவளைக் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வரச் சொன்னார். திரும்பி வந்தபோது கூட வந்த பெரியம்மாவும் உள்ளே வந்துவிட்டார். "பையனா பொண்ணான்னு ஜாடையாவது காட்டும்மா" என்றார்.

டாக்டர் கருவியை எடுத்து வைத்துவிட்டு, சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். 1994-ம் ஆண்டுச் சட்டம், சொன்னவருக்கு மட்டுமல்ல, கேட்கிறவருக்கும் 3 ஆண்டு வரை சிறை உண்டு என்று நிதானமாகச் சொல்லி வெளியே அனுப்பினார். அப்புறம் அந்தப் பெண்ணின் பக்கம் திரையைத் திருப்பி, "இது ஒண்ணு, இது ரெண்டு, மூணு, நாலு. நாலு அறையும் சரியா இருக்கு, ரத்தம் போற வழியும் சரியா இருக்கு" என்று விரல் வைத்துக் காட்டினார். அவள் ஒன்றும் பேசவில்லை. டாக்டரின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆரணி ரோடு

வாத்தியார் ஐயா எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் அப்படியே 8 மணி நேரம் பட்டினி கிடக்கக் கூடாது. முன்பதிவு செய்யும்போதே சர்க்கரை இருக்கிறது என்று சொல்லி, காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். அன்று காலை மருந்தை எப்படி எடுப்பது என்றும் டாக்டரிடமே கேளுங்கள். என் பக்கத்தில் வரிசையில் இருந்த அம்மா வியர்த்து மயங்கினதைப் பார்த்தேன், குளுக்கோஸ் கொடுத்துத்தான் எழுப்பினார்கள்.

நான் போனது தைராய்டு கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுக்க. அதற்கு வெறும் வயிறு தேவையில்லை என்றார்கள். ரத்தம் எடுக்கிற ஊசியை விட மெல்லியது. "எச்சில் முழுங்காதீங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், முழுங்கினால் கட்டி மேலே ஏறிவிடுமாம். ரிசல்ட் நல்லபடியாக வந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி அளவு பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள்.