மறு: மடிப்புத் துணித் தடுப்புக்குத் தமிழ்ச்சொல்: ‘கொசுவ எழினி’ சரிவருமா?

> ‘தகவமை மடிப்பு நெசவுக் கட்டமைப்பு’ என்று வைக்கலாம். துல்லியமான சொல்.

ஐயா, துல்லியம்தான். ஆனால் ஏணி உச்சியில் ஒரு கையால் ட்ராக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் இதைச் சொல்லி முடிப்பதற்குள், கீழே நிற்பவர் டீ குடித்துவிட்டே வந்துவிடுவார்.

என் தேவையைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டில் விலையுயர்ந்த கைக்கடிகாரக் கடை ஒன்றுக்கு உள்வேலை நடக்கிறது. நம்மூர்த் தொழிலாளர்களுக்கு வேலைக்குறிப்பைத் தமிழில் எழுதித் தருவது நான். கடைக்குள் நிலையான அறை கிடையாது. கூரை ட்ராக்கில் தொங்கும் மடிப்புத் துணி, பகலெல்லாம் தூணை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு ஒடுங்கி நிற்கும். பெரிய வாடிக்கையாளர் வந்தால் அதுவே விரிந்து ஐந்து பேர் உட்காரும் அறையாகிவிடும்.

போன வேலையில் இதற்கு வெறும் ‘திரை’ என்று எழுதினேன். ‘திரையைக் கழற்றி உறையிலிடவும்.’ மறுநாள் போய்ப் பார்த்தால் எல்இடி திரையில் இரண்டு பலகைகள் தரையில் கிடக்கின்றன. துணி தொட்டவர் இல்லாமல் தொங்குகிறது. தவறு என்னுடையது, அவர்களுடையது அல்ல.

‘துணிச்சுவர்’ என்று இங்கே ஒருவர் சொன்னதற்கு நியாயம் உண்டு. 1927இல் பெர்லின் கண்காட்சி ஒன்றில் வடிவமைப்பாளர் லில்லி ரைக்கும் கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹேயும் வெல்வெட்டையும் பட்டையும் தொங்கவிட்டே ஒரு காப்பிக்கடைக்கு அறைகள் பிரித்தார்கள். ஜப்பானியக் கட்டடக்கலைஞர் ஷிகெரு பான் 1995இல் டோக்கியோவில் ஒரு வீட்டுக்கு வெளிப்புறமே திரைச்சீலையாகக் கட்டினார். ஆனாலும் குறிப்பில் ‘சுவர்’ என்று எழுதினால், ஏணியை அதன்மேல் சாய்த்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

‘மடிப்பு’ வேறொரு தொல்லை. அழுத்தி எடுத்த கூர்மையான கோடும் மடிப்பு, அடுக்கடுக்காக விழும் துணியும் மடிப்பு, மடக்கிப் பெட்டியில் வைப்பதும் மடிப்பு. கோட்டுக்கு ‘மடிதடம்’ போதும். அடுக்குக்குச் சொல் தந்தவர் ஒரு புதுக்கோட்டைக்காரர். துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நாலைந்து மடியாக அடுக்கிக் காட்டி, “இது கொசுவம்தானே சார்?” என்றார். நான் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

சேலைக் கொசுவம் கலையுமே என்று கேட்கலாம். இது கலையாது, காரணம் பாலியெஸ்டர். சூட்டில் இளகி, ஆறும்போது அந்த வடிவிலேயே இறுகும். ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இசே மியாகே 1993இல் கொண்டுவந்த ‘பிளீட்ஸ் பிளீஸ்’ உடைகளும் இப்படித்தான்: முதலில் அளவைவிடப் பல மடங்கு பெரிதாகத் தைத்து, பிறகு காகிதங்களுக்கு நடுவே வைத்துச் சூடாக அழுத்துகிறார்கள். பட்டில் இது நிற்காது. எங்கள் பட்டு மாதிரித் துண்டைச் சனி, ஞாயிறு ஏர்கானை நிறுத்தித் தொங்கவிட்டார்கள். சிங்கப்பூர் ஈரக்காற்று! திங்களன்று மடி தளர்ந்து, அடி ஓரம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

‘தகவமை’ வேண்டாம். உயிரினம் தானாக மாறிக்கொள்வதற்கு அந்தச் சொல் இருக்கட்டும். இந்தத் துணி மோட்டார் இழுத்தால்தான் நகரும். நகர்வைச் சொல்ல நம்மிடம் ‘எழினி’ இருக்கிறது, அந்தக்கால மேடைத் திரை. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மூன்று எழினி வரும்: ஒருபுறமிருந்து இழுக்கும் ஒருமுக எழினி, இருபுறமிருந்தும் வந்து சேரும் பொருமுக எழினி, மேலிருந்து இறங்கும் கரந்துவரல் எழினி. எங்கள் வரைபடத்திலும் இதே மூன்று வகைதான் இருக்கின்றன! ஆகவே ‘கொசுவ எழினி’.

*

> தம்பி, எழினி அழகாக இருக்கிறது. தளத்தில் யாருக்குப் புரியும்? கொசுவம் என்றால் ஆண்கள் சிரிக்கமாட்டார்களா?

அக்கா, சிரித்தார்கள். முதல் நாள் மட்டும். மூன்று வகைக்கும் படம் போட்டு, கீழே பெயரெழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். இன்று காலை மேலிருந்து ஒரு குரல்: “பொருமுகக் கொசுவத்தை மெதுவா இழுங்கப்பா, ட்ராக்ல சிக்குது!”

எழினியை உதிர்த்துவிட்டார்கள், பொருமுகத்தை வைத்துக்கொண்டார்கள். கலைச்சொல் பட்டியலில் ‘கொசுவ எழினி’ என்றே ஏற்றிவிடுங்கள். பக்கத்தில் ‘பேச்சில்: கொசுவம்’ என்றும் போட்டுவிடுங்கள்.