புதுப்பிப்பு: கார் இல்லாமல் ஆங்கரேஜ், ஜூன் மாதம்

கார் எடுக்காமல் அலாஸ்காவின் ஆங்கரேஜில் மலையும் காடும் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு, தாராளமாக முடியும். பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

கைகொடுத்தது சைக்கிள் யோசனைதான். ஊர் நடுவிலேயே வாடகைக்கு எடுத்து, டோனி நோல்ஸ் கடலோரப் பாதையில் கிங்கெய்ட் பூங்கா வரை போனோம், சுமார் 18 கி.மீ. பூங்காவை நெருங்கும்போது ஒரு தாய் மூஸ் (பெரிய மான் வகை), குட்டியோடு பாதையை ஒட்டி நின்று வில்லோ இலையை உருவித் தின்றுகொண்டிருந்தது. காதைப் பின்னால் மடக்கி, பிடரி மயிரைச் சிலிர்த்தால் பாயப்போகிறது என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அது நினைவுக்கு வர, மூஸ் காட்டுக்குள் போகும்வரை தள்ளியே நின்றோம். அந்தப் பதிலுக்குத் தனி நன்றி.

பிளாட்டாப் மலைக்கு, ஏறும் பாதை தொடங்கும் க்ளென் ஆல்ப்ஸ் வரை வேன். உச்சி ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல்தான், ஆனாலும் கடைசி ஏற்றத்தில் பாறையைக் கையால் பிடித்துத்தான் ஏற வேண்டும். கீழே இதமான வெயில், மேலே ஆளைத் தள்ளும் காற்று. ஜாக்கெட் அவசியம்.

எதிர்பாராத விஷயம், கரடி ஸ்ப்ரேயை (கரடி பாய்ந்தால் அடித்து விரட்டும் காரமான ஸ்ப்ரே) விமானத்தில் கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி, கொண்டுபோக முடியாது. அங்கேயே வாங்கி, திரும்பும்போது விட்டுவிட்டு வர வேண்டியதுதான். சூரியன் மறைய இரவு 11.40 ஆகிறது, அப்புறமும் முழு இருட்டு இல்லை, அதனால் தூங்கக் கண்பட்டை எடுத்துப் போங்கள். கடல் வற்றும்போது தெரியும் சாம்பல்நிறச் சேற்றில் மட்டும் கால் வைக்காதீர்கள், உள்ளே இழுத்து இறுகிவிடும், அலை திரும்பி வரும் வேகமும் அதிகம்.