குன்னூர் குளிரில் ஹீட்டர் இல்லாமல் மீன் வளர்க்கலாமா?

குன்னூருக்குப் புதுசு:
வணக்கம். மதுரையிலிருந்து குன்னூருக்கு மாற்றலாகி வந்திருக்கிறோம். இரண்டடித் தொட்டியில் ஜீப்ரா டேனியோவும் கப்பியும், தனியாக ஒரு ஃபைட்டரும் உண்டு. காலையில் தண்ணீர் 16 டிகிரி காட்டுகிறது. டேனியோ எப்போதும்போல ஓடுகிறது. ஃபைட்டர் துடுப்பை மடக்கிக்கொண்டு அடியிலேயே கிடக்கிறது, தீனியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கரண்ட் வேறு அடிக்கடி போகிறது. ஹீட்டர் வாங்கியே ஆக வேண்டுமா?

தொட்டிப் பிரியன்:
50 வாட் ஹீட்டர் ஒன்று போடுங்கள், முடிந்தது வேலை.

கோத்தகிரி அண்ணன்:
தம்பி, ஃபைட்டருக்கு மட்டும் இன்றைக்கே ஹீட்டர் வாங்கிவிடுங்கள். தாய்லாந்துப் பக்கம் வயலிலும் குட்டையிலும் வாழ்கிற மீன் அது. 24க்குக் கீழே போனால் செரிமானம் மந்தமாகிவிடும். முடியாவிட்டால் மதுரையில் தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடுங்கள். மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் இந்தக் குளிரில் போட்டு வைப்பது பாவம்.

டேனியோவைப் பற்றிக் கவலையே வேண்டாம். வட இந்தியா, நேபாளம், வங்கதேச ஓடைகளில் குளிர்காலத்தையும் கோடையையும் பார்த்துப் பழகிய இனம். கப்பிதான் இழுபறி, 18க்குக் கீழே சோர்ந்துபோகும்.

எங்கள் வீட்டில் ஹீட்டரே கிடையாது. ஒயிட் கிளவுட் வைத்திருக்கிறேன். சீனாவில் குவாங்சோ பக்கத்து மலை ஓடையில் கண்டெடுத்து, 1932ல் அறிவியல் பெயர் சூட்டிய மீன். ஒன்றரை அங்குலம்தான் இருக்கும். இரண்டு ஆண்கள் பக்கம் பக்கமாக நின்று துடுப்பை விசிறிபோல விரிக்கும்போது, சிவப்பு வாலும் உடம்பில் ஓடும் வெளிர்க் கோடும் பளிச்சென்று தெரியும். 26, 28 டிகிரியில் வைத்தால் இந்த நிறம் வராது. நம் மலைத் தண்ணீர் அதற்கென்றே அமைந்த மாதிரி. கூட்டமாக விடுங்கள், ஒன்றிரண்டு விட்டால் பயந்து ஒளிந்துகொள்ளும்.

நான் குளிரைவிட ஏற்ற இறக்கத்துக்குத்தான் பயப்படுவேன். பகலில் 22, விடியலில் 15 என்று ஆடினால் வெள்ளைப்புள்ளி நோய் வந்து நிற்கும். தொட்டியை ஜன்னலோரம் வைக்காதீர்கள். அடியிலும் பின்பக்கமும் தெர்மாகோல் கொடுத்து, மேலே கண்ணாடி மூடி போடுங்கள்.

அப்புறம் தீனி. குளிரில் மீனுக்குப் பசி குறையும், ஃபில்டரில் கழிவைச் சுத்தப்படுத்துகிற பாக்டீரியாவும் மெதுவாகத்தான் வேலை செய்யும். மிச்சத் தீனி அழுகினால் அம்மோனியா ஏறும். ஒரு வேளை, கொஞ்சமாகப் போட்டால் போதும்.

கரண்ட் போவதில் ஒரு ஆறுதல் உண்டு. 30 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும், 15 டிகிரியில் பத்து. அதனால் ஏர் பம்ப் நின்றாலும் மீன் உடனே மேலே வந்து திணறாது.

கொளத்தூர் மீன்கடை:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் மீன் வளர்வது சென்னை வெயிலில். டிசம்பரில் வாங்கி நேரே மலைக்குக் கொண்டுபோனால் தாங்காது. ஏப்ரல், மே மாதத்தில் வாங்குங்கள் சார். குளிர் மெல்ல மெல்லக் கூடும்போது மீனும் பழகிவிடும்.

குன்னூருக்குப் புதுசு:
ரொம்ப நன்றி அண்ணா. ஃபைட்டருக்கு ஹீட்டர் ஆர்டர் போட்டுவிட்டேன். தண்ணீர் மாற்றுவது எப்படி? குழாயில் வருவது ஐஸ் மாதிரி இருக்கிறதே.

கோத்தகிரி அண்ணன்:
முந்தின நாளே வாளியில் பிடித்துத் தொட்டி இருக்கிற அறையிலேயே வையுங்கள், குளோரினும் ஓரளவு போய்விடும். மறுநாள் மதியம் கால் பங்கு மட்டும் மாற்றுங்கள். ஃபைட்டர் தொட்டிக்கு மட்டும் கொஞ்சம் வெந்நீர் கலந்து, தெர்மாமீட்டரில் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.