உப்பா, எண்ணெயா? டெல்டா சமையலில் முதலில் எதைக் குறைப்பது?

குடந்தைக்காரர்:
இதயம் என்றாலே எல்லோரும் எண்ணெயைப் பிடித்துக்கொள்கிறார்கள். நம் பக்கம் முதலில் கை வைக்க வேண்டியது உப்பில்தான். ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். நாலு பேர் வீட்டில் 1 கிலோ பாக்கெட் 50 நாள் வரணும். பிரித்த தேதியைப் பாக்கெட் மேலேயே எழுதி வையுங்கள். 25 நாளில் தீர்ந்தால் இரட்டிப்பு ஓடுகிறது. கடையில் வாங்கும் ஊறுகாய், அப்பளம், கருவாடு இந்தக் கணக்கில் வரவே இல்லை.

வரப்போரம்:
அண்ணே, உப்பு ஏற்றுவது ரத்த அழுத்தத்தை. ரத்தக் குழாயில் அடைப்புக்கு மூலம் எல்டிஎல் என்னும் கெட்ட கொலஸ்ட்ரால். அதை ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. ரேஷன் பாமாயிலில் அது 40 சதவீதத்துக்கும் மேல், கடலை எண்ணெயில் 20 சதவீதம்கூட வராது. போதாததற்கு, இன்றைக்கு பஜ்ஜி சுட்ட எண்ணெய் நாளைக்கு வடைக்கு, மறுநாள் தாளிப்புக்கு! நுரை அடங்காமல், நிறம் கறுத்து, விரலில் பிசுபிசுத்தால் அது கொட்ட வேண்டிய எண்ணெய். உப்பைப் பொறுத்தவரை எங்களுக்கு வேதாரண்யம் கல் உப்பு. பாக்கெட் தூள் மாதிரி கெடுதல் செய்யாது.

குடந்தைக்காரர்:
அது தவறு தம்பி. அழுத்தத்தை ஏற்றுவது உப்பிலுள்ள சோடியம். எந்த உப்பானாலும் கிராமுக்கு அது ஏறத்தாழ 400 மில்லிகிராம், இந்துப்பும் அப்படியே. கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதால் கரண்டிக்கு எடை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அயோடின் சேராத உப்பென்றால் கழுத்துக் கழலை பயம் வேறு. அழுத்தம் குழாயின் உட்சுவரைப் பழுதாக்கப் பழுதாக்க, நீங்கள் சொல்லும் கொழுப்பு அங்கேதான் போய்ப் படியும்.

கீழ்வேளூர் மருந்தாளுநர்:
சோடியம் குறைத்த உப்பை இருவருமே பேசவில்லை. சீனாவில் 600 கிராமங்களில் ஒரு ஆய்வு நடந்தது: பக்கவாதம் வந்தவர்களும் அழுத்தம் உள்ள முதியவர்களுமாகச் சுமார் 21,000 பேர். பாதிக் கிராமங்களுக்குக் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. அங்கே பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. முடிவு 2021-ல் வெளியானது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், எனலாப்ரில், டெல்மிசார்ட்டான், ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரைகள் போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. பொட்டாசியம் ஏறினால் துடிப்பே தாறுமாறாகிவிடும்.

வரப்போரம்:
கல் உப்பைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் நாகப்பட்டினத்துக் கருவாட்டை விடச் சொன்னால் யார் கேட்பார்கள்?

குடந்தைக்காரர்:
விட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி ஊறவைத்துக் கொட்டுங்கள்; இன்னொரு தடவை அதேபோல. குழம்பில் உப்பே போடாமல் கொதிக்கவிட்டு, இறக்கும்போது ருசி பாருங்கள். பெரும்பாலும் தேவைப்படாது. ஆனாலும் உப்பு முழுக்கப் போகாது, அதனால் வாரம் ஒரு நாள் போதும். பழைய சோற்றுக்கு மோர்மிளகாய்க்குப் பதில் சின்ன வெங்காயம்.

வரப்போரம்:
சரி. எண்ணெயில் நான் இறங்கி வரமாட்டேன்: நாலு பேருக்கு மாதம் 2 லிட்டர், அதற்கு மேல் வேண்டாம். இன்னொன்று, வெற்றிலையோடு அடக்கும் புகையிலை. புகை இல்லை, அதனால் இதயத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நம்புகிறார்கள். வாயில் அடக்கிய சில நிமிடத்தில் நிகோட்டின் துடிப்பையும் அழுத்தத்தையும் ஏற்றிவிடும். உப்பை எடை போடுகிற வீட்டில் அந்தப் பொட்டலத்தையும் எடுத்து வெளியே போடுங்கள்.