பதில்: ‘அலகு’ வேண்டாம், ‘படி’ போதும்

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு ஸ்தாயியை (ஒரு ‘ச’ முதல் மேலே வரும் அடுத்த ‘ச’ வரை) 12க்குப் பதில் 19, 22, 31, 53 என்று சமமாக வெட்டும்போது கிடைக்கும் துண்டுக்கு ‘அலகு’ என்று பெயர் வைக்கலாம் என்பது போன மடலின் யோசனை. எனக்கு அதில்தான் சங்கடம். அலகுக்குப் பழைய தமிழிசைக் கணக்கு ஒன்று உண்டு, ஏழு சுரங்களுக்கும் இத்தனை இத்தனை என்று: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2, ஆக 22. அந்த 22உம் ஒரே அளவா இல்லையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இசை ஆராய்ச்சியாளர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற நூலில் 22 அல்ல, 24 என்றே வாதாடினார். அந்தப் பஞ்சாயத்துக்குள் நம் 31ஐயும் இழுத்துவிடுவானேன்?

ஓசூர் நண்பர் ‘அலகு’க்குப் பதில் ‘கட்டை’ என்றார். காதுக்குப் பழகிய சொல்தான். இங்கே காவேரிப்பட்டணம் பக்கம் கூத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கும் அண்ணன் ஒருவருக்கு என் போனில் 31 பகுப்பைப் போட்டுக் காட்டினேன். “இதுல எத்தனை கட்டைங்க?” என்றார். ஸ்தாயிக்கு 31 என்றதும், “அப்ப வாசிக்க ரெண்டு ஆள் வேணுங்க” என்று சிரித்தார். ஆனால் அவர் கட்டைக் கணக்கையே பாருங்கள்: ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று, அப்புறம் நேரே நாலு. மூன்றரை கிடையாது, அங்கே கறுப்புக் கட்டையே இல்லை. ஒன்றிலிருந்து இரண்டுக்கு 200 சென்ட் (ஸ்தாயி முழுவதும் 1200 சென்ட்), மூன்றிலிருந்து நாலுக்கு 100 சென்ட்தான். சமமில்லாத அளவைச் சமப்பகுப்புக்குப் பெயராக்க முடியாது.

ஆகவே ‘படி’. ஏறுகிற படியும் அதுதான், கேழ்வரகு அளக்கிற படியும் அதுதான். 31 சமப்படி, 53 சமப்படி என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கவில்லை. முதலாவதில் ஒரு படி 38.71 சென்ட், இரண்டாவதில் 22.64.

ஒரு சுரம் ஒரு படி ஏறியது, இறங்கியது என்று எழுதிக் காட்டும் குறிதான் பெரிய தலைவலி. கைக்கு எட்டும் குறியெல்லாம் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. புள்ளி மேலே வந்தால் மேல் ஸ்தாயி, கீழே வந்தால் கீழ் ஸ்தாயி. போதாததற்கு, ‘ச’ மேல் புள்ளி வைத்தால் நம் கண் ‘ச்’ என்றுதான் படிக்கும். காற்புள்ளியும் அரைப்புள்ளியும் கால அளவுக்கு. சாய்கோடுகள் இரண்டையும் சுப்பராம தீட்சிதர் 1904இலேயே தம் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ நூலில் ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் (மேலே வழுக்குவது, கீழே வழுக்குவது) கொடுத்துவிட்டார். மேல்நாட்டார் ஒரு படி ஏற்றத்துக்குப் போடும் கூரைக்குறி (^) அவரிடம் ரவை என்ற கமகம், அதாவது சுரத்தை அசைத்து அழகு செய்யும் ஒரு வகை.

தமிழ் எண்களைச் சேர்க்கலாம் என்று ஒருவர் ஆசையாக எழுதியிருந்தார். எனக்கும் ஆசைதான். ஆனால் ௧ காந்தாரத்தின் ‘க’ போலவும் ௪ சட்ஜத்தின் ‘ச’ போலவும் நிற்கும். பாடுகிறவர் கதி என்ன ஆவது?

மிஞ்சுவது அம்புக்குறி: ↑ ஏறுபடி, ↓ இறங்குபடி. பெரும்பாலான எழுத்துருக்களில் வருகிறது. அம்புகள் வரிசையாக நீளும் என்ற பயம் வேண்டாம். 53இல் ரி1ஐ (சிறிய ரிஷபம்) 5ஆம் படியிலும் ரி2ஐ (பெரிய ரிஷபம்) 9ஆம் படியிலும் வைத்துக்கொள்ளுங்கள். ச, ச↑, ச↑↑, அப்புறம் ரி1↓↓, ரி1↓, ரி1. ஆறாம் படி ரி1↑, ஏழாவது ரி2↓↓, எட்டாவது ரி2↓. பக்கத்துச் சுரத்திலிருந்து எண்ணினால் இரண்டு அம்புக்கு மேல் தேவைப்படவில்லை. ஏழாவதை ரி1↑↑ என்றும் எழுதலாம். ராகத்தில் எந்த ரிஷபம் வருகிறதோ அதை ஒட்டி எழுதுவது என் கட்சி.

72 சமப்படியில்தான் உதைக்கிறது. அதில் 12 சுரத்தானங்களுக்கும் இடையே ஆறாறு படி. சரிபாதியில் நிற்கும் சுரத்துக்கு மூன்று அம்பு போட்டே ஆகவேண்டும். மூன்றுக்குத் தனிக்குறி ஒன்று வைப்பதா, மூன்றையும் அப்படியே எழுதிவிடுவதா? சேலத்து அன்பர் 72இல்தான் நிரல் எழுதுகிறார். அவர் சொல்லட்டும்.