தீஃப்: முதல் ஆட்டத்தைத் தொடர்வதா, ‘மெட்டல் ஏஜ்’ ஆட்டத்துக்குத் தாவுவதா?

பரங்குன்றத்தான்:

அனைவருக்கும் வணக்கம். நான் திருப்பரங்குன்றத்தில் வசிக்கும் கல்லூரி மாணவன். என் அக்கா பள்ளியில் படித்தபோது அரசு வழங்கிய மடிக்கணினிதான் இப்போது என்னிடம் உள்ளது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத அந்தக் கணினியில் புதிய ஆட்டங்கள் ஓடாது என்பதால், பழைய ஆட்டங்களுள் சிறந்தவற்றைத் தேடி விளையாடி வருகிறேன். அந்த வகையில், லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ் 1998-இல் உருவாக்கிய ‘தீஃப்: தி டார்க் புராஜெக்ட்’ ஆட்டத்தின் விரிவாக்கப்பட்ட பதிப்பான ‘தீஃப் கோல்டு’ ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறேன்.

பாஃபோர்டு பிரபுவின் மாளிகையில் நுழைந்து செங்கோலைத் திருடும் முதல் மிஷன் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. காவலர் பேசிக்கொண்டு போகும் சத்தத்தைக் கேட்டு, அவர் திரும்பும் வரை தூணின் நிழலில் நின்று, பின் கம்பளத்தின் மீது அடியெடுத்து வைத்துக் கடந்து போன நேரத்தில், இதுவரை நான் விளையாடிய எந்த ஆட்டமும் என்னை இவ்வளவு கவனமாக இருக்க வைத்ததில்லை என்று உணர்ந்தேன். ஆனால் மூன்றாவது மிஷனான ‘போன்ஹோர்டு’ எனும் கல்லறைக் குகைக்குள் வந்ததிலிருந்து ஆட்டம் வேறொன்றாக மாறிவிட்டது. எழுந்து வரும் பிணங்கள், வாயுவைக் கக்கும் பர்ரிக் விலங்குகள், முடிவில்லாத சுரங்கப் பாதைகள் ஆகியவற்றுக்கும் திருட்டுக்கும் என்ன தொடர்பு என்று எனக்குப் புரியவில்லை.

2000-இல் வந்த ‘தீஃப் 2: தி மெட்டல் ஏஜ்’ ஆட்டத்தில் இத்தகைய பேய் பிசாசுகள் மிகக் குறைவு என்றும், மறைந்து செல்லும் ஆட்டம் என்ற வகையில் அதுவே மேலானது என்றும் என் நண்பர் சொல்கிறார். முதல் ஆட்டத்தை இங்கேயே நிறுத்திவிட்டு இரண்டாவதற்குச் சென்றால் எதையாவது இழப்பேனா? இரண்டையும் முழுமையாக விளையாடிய அண்ணன்மாரும் அக்காமாரும் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும். கதையின் திருப்பங்களை மட்டும் வெளியிட வேண்டாம்.

நிழல்நடை:

தம்பி, நிறுத்த வேண்டாம். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதல் மிஷன் உங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம், இருட்டு பாதுகாப்பானது என்பதுதான். திரையின் அடியில் இருக்கும் ஒளிக்கல் மங்கினால் நீங்கள் யார் கண்ணுக்கும் தெரியமாட்டீர்கள். எனவே தீப்பந்தத்தை நீர் அம்பால் அணைத்து, பாசி அம்பால் கல்தரையை மெத்தையாக்கி, உங்களுக்கு வேண்டிய இருட்டையும் அமைதியையும் நீங்களே உண்டாக்கிக்கொள்கிறீர்கள். போன்ஹோர்டு அந்த நம்பிக்கையைத்தான் குலைக்கிறது. அங்கே இருட்டில் கிடக்கும் உடல் வெறும் பிணமா, அருகில் போனால் எழுந்து நிற்குமா என்பது போய்ப் பார்க்கும் வரை தெரியாது. குறுந்தடியால் தலையில் அடித்து மயக்கமடையச் செய்யும் உத்தி அங்கே எடுபடாது. வாளால் வெட்டி வீழ்த்தினாலும் சிறிது நேரத்தில் அந்தப் பிணம் எழுந்துவிடும். புனித நீரில் தோய்ந்த நீர் அம்பு, தீ அம்பு போன்றவை இல்லாமல் அதை நிரந்தரமாக அழிக்க இயலாது. ஆகவே முதல் மிஷனில் விளையாட்டாகச் செய்ததை இங்கே அச்சத்தோடு செய்கிறீர்கள். மறைந்து செல்லும் திறமை தேவையற்றுப் போய்விட்டதாக நான் கருதவில்லை. அது இன்னும் கடுமையாகச் சோதிக்கப்படுகிறது என்பதே என் கருத்து.

போன்ஹோர்டுக்கு அடுத்து வருவது ‘அசாசின்ஸ்’. அதில் பிணங்களின் தொல்லை இல்லை. உங்களைக் கொல்ல வந்த இருவரை, அவர்கள் அறியாமல் நகரத் தெருக்களின் வழியே பின்தொடர்ந்து, அவர்களை ஏவியவரின் மாளிகை வரை செல்ல வேண்டும். மிக அருகில் போனால் காலடி கேட்டுவிடும். விலகி நின்றால் அவர்கள் எந்தச் சந்தில் திரும்பினார்கள் என்பது தெரியாமல் போகும். பாஃபோர்டு மாளிகையை விரும்பிய ஒருவர் இதை விளையாடாமல் விடுவது பெரிய இழப்பு.

அதற்குப் பின்வரும் ‘தி சோர்ட்’ மிஷனைப் பற்றி எழுதத் தொடங்கினால் என்னால் நிறுத்த முடியாது. கான்ஸ்டன்டைன் என்பவரின் மாளிகையில் இருந்து ஒரு வாளைத் திருட வேண்டும். கீழ்த்தளம் எல்லா மாளிகைகளையும் போலவே இருக்கும். மேலே ஏற ஏற, கூடங்கள் சாய்கின்றன, அறைகள் தலைகீழாகின்றன, சுவர்களுக்கிடையே செடிகொடிகள் மண்டிக் கிடக்கின்றன. கையில் இருக்கும் வரைபடம் அரைகுறையாக வரையப்பட்ட ஒன்று; அதை நம்பிப் பயனில்லை என்பது சிறிது நேரத்தில் விளங்கிவிடும். அந்த வீட்டின் உரிமையாளர் யார் என்ற ஐயம் ஒரு சொல் உரையாடலும் இல்லாமல், கட்டடத்தின் அமைப்பாலேயே நம் மனத்தில் எழுகிறது. கதையை இடத்தின் வழியாகவே சொல்லும் இந்தத் துணிவு இரண்டாம் ஆட்டத்தில் இந்த அளவுக்கு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் ஆட்டத்திலும் குறைகள் உண்டு. ‘லாஸ்ட் சிட்டி’ மிஷனில் திருடனைவிடப் புதையல் வேட்டைக்காரனாகவே உணர்வோம். இறுதி மிஷனும் அதற்கு முன் வந்தவற்றின் தரத்தில் இல்லை. ஆனால் ‘ரிட்டர்ன் டு தி கதீட்ரல்’ வரை எப்படியாவது சென்றுவிடுங்கள். காதில் ஹெட்போன் அணிந்து, இரவில், தனியாக.

கூரைவழி:

நான் உசிலம்பட்டிக்கு அருகில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். நிழல்நடை அண்ணன் எழுதியவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் இரண்டாம் ஆட்டத்தை ஓரிரு வரியில் கடந்து சென்றது நியாயமாக எனக்குப் படவில்லை.

‘மெட்டல் ஏஜ்’ ஆட்டத்தின் 15 மிஷன்களில் பெரும்பகுதி கிடங்கு, காவல் நிலையம், வங்கி, மாளிகை எனத் திருடன் நுழையக்கூடிய இடங்களிலேயே நடக்கிறது. முதல் ஆட்டத்தில் பயமுறுத்தும் பொறுப்பைப் பிணங்கள் ஏற்றன என்றால், இங்கே அந்தப் பொறுப்பை வெளிச்சம் ஏற்கிறது. தீப்பந்தங்களுக்குப் பதிலாக மின்விளக்குகள் பெருகிவிட்டன. நீர் அம்பால் அவற்றை அணைக்க முடியாது. எங்கேயாவது சுவிட்ச் இருந்தால் உண்டு, இல்லையென்றால் அந்த வெளிச்சத்தைக் கடக்கும் வழியை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். சுவரில் பொருத்தப்பட்ட கண்காணிப்புக் கருவிகள் பச்சையில் இருந்து மஞ்சளுக்கும் மஞ்சளில் இருந்து சிவப்புக்கும் மாறுவதற்குள் அவற்றின் பார்வையில் இருந்து விலகிவிட வேண்டும். மெக்கானிஸ்டுகள் எனும் மதக் குழுவினர் உருவாக்கிய இயந்திரங்களைக் குறுந்தடியால் வீழ்த்த முடியாது. முதுகுப்புறத்துக் கொதிகலனில் நீர் அம்பை எய்தால் செயலிழக்கும். அதாவது, முதல் ஆட்டத்தில் விளக்கை அணைக்கப் பயன்பட்ட அம்பை இங்கே இயந்திரத்துக்காகச் சேமித்து வைக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு அம்பையும் எண்ணிப் பார்த்துச் செலவழிக்க வைக்கும் இந்த மாற்றம் மிகத் தேர்ந்த வடிவமைப்பு.

தம்பி கேட்ட கேள்விக்கு நேரடியான சான்றாக இரண்டு இடங்களைச் சொல்கிறேன். ஒன்று, ‘கேசிங் தி ஜாயின்ட்’, ‘மாஸ்க்ஸ்’ ஆகிய இரு மிஷன்கள். இரண்டும் ஒரே மாளிகையில் நடக்கின்றன. முதலில் வேவு பார்க்க மட்டும் நுழைகிறோம். அடுத்ததில் திருட வருகிறோம். ஒரே இடத்தை இருமுறை பயன்படுத்திவிட்டார்கள் என்று குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கோ, முதல் முறை மனத்தில் பதித்துக்கொண்ட கதவுகளும் படிக்கட்டுகளும் இரண்டாம் முறை கைகொடுக்கும்போது, திருட்டு என்பது திட்டமிடும் கலை என்பதை இதைவிடத் தெளிவாக வேறெந்த ஆட்டமும் காட்டவில்லை என்றே தோன்றுகிறது.

மற்றொன்று ‘லைஃப் ஆஃப் தி பார்ட்டி’. நகரத்தின் கூரைகளின் மேலாகவே நடந்து ஏஞ்சல்வாட்ச் கோபுரத்தை அடைய வேண்டும். போகும் வழியில் எத்தனையோ சன்னல்கள் திறந்திருக்கின்றன; ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒருவருடைய வாழ்க்கை நடந்துகொண்டிருக்கிறது. நேராகக் கோபுரத்துக்குச் செல்பவர் பாதி மிஷனைப் பார்க்காமலே முடித்துவிடுவார். வழியில் தங்கித் தங்கிச் செல்பவருக்கு ஒரு நகரமே திறந்துகொள்கிறது. இவ்வளவு பெரிய இடத்தை இவ்வளவு நுணுக்கமாக நிரப்பியவர்களின் நிறுவனம், ஆட்டம் வெளியான சில வாரங்களிலேயே, 2000 மே மாதத்தில், மூடப்பட்டது என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே, மறைந்து செல்லும் ஆட்டம் என்ற அளவுகோலில் இரண்டாவதே மேலானது என்று உங்கள் நண்பர் சொன்னது சரி. அதற்காக முதலாவதைப் பாதியில் விடச் சொல்லமாட்டேன். இரண்டாம் ஆட்டத்தில், நாம் இயக்கும் திருடனான கரெட்டுக்கு ஒரு இயந்திரக் கண் இருக்கிறது. அதற்கான காரணம் முதல் ஆட்டத்தின் பிற்பகுதியில்தான் உள்ளது. முதல் ஆட்டத்தில் நீங்கள் சந்திக்கும் ஒருவர் இரண்டாவதில் மீண்டும் வரும்போது ஏற்படும் அதிர்ச்சியும், அவரை முன்பே அறிந்தவருக்கு மட்டுமே கிடைக்கும்.

மேலூர் மைக்செட்:

இருவரும் ஒளியைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறீர்கள். நான் திருவிழாக்களுக்கு மைக்செட் அமைக்கும் தொழிலில் இருப்பவன் என்பதால், ஒலியைப் பற்றிச் சில வார்த்தைகள் சேர்க்க விரும்புகிறேன்.

இந்த இரண்டு ஆட்டங்களும் டார்க் என்ஜின் எனும் ஒரே அடித்தளத்தில் உருவானவை. பொதுவாக ஆட்டங்களில், ஒலி எழும் இடத்துக்கும் நமக்கும் உள்ள நேர்க்கோட்டுத் தூரத்தை வைத்தே சத்தத்தின் அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். இடையில் சுவர் இருந்தாலும் அது கணக்கில் வராது. தீஃப் ஆட்டத்தில் ஒலி அறைவிட்டு அறை, வாசல் வழியாகவே பயணம் செய்கிறது. குறுகிய தெருவில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியின் சத்தம் தெருமுனையில் திரும்பி வேறொரு திசையில் இருந்து வருவதைப் போலக் கேட்பதை எங்கள் தொழிலில் உள்ளவர்கள் அன்றாடம் காண்கிறோம். அதே இயல்பை 1998-இல் ஒரு கணினி ஆட்டத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள். கதவைச் சாத்தினால் அப்பால் இருப்பவரின் பேச்சு அமுங்குகிறது. உங்கள் காலடியும் இதே விதிப்படிதான் காவலரின் காதுக்குச் செல்கிறது.

இந்த வகையில் போன்ஹோர்டு மிஷனை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். தம்பி, அங்கே நீங்கள் தேட வேண்டிய ஊதுகொம்பு ஓர் இசையை எழுப்பிக்கொண்டே இருக்கிறது. பாதைகள் பிரியும் இடத்தில் அசையாமல் நின்று, எந்தப் பாதையில் இருந்து அந்த இசை தெளிவாக வருகிறது என்று கேட்டு, அந்த வழியே செல்லுங்கள். நீங்கள் முடிவில்லாதவை என்று எழுதிய சுரங்கப் பாதைகளுக்கு வரைபடமாக அமைவது அந்த இசைதான். எரிக் பிரோசியஸ் அமைத்த ஒலிகள் இரண்டு ஆட்டங்களிலும் சிறப்பானவை என்றாலும், காதை மட்டும் நம்பி வழி கண்டுபிடிக்கச் செய்யும் இப்படியொரு இடம் இரண்டாவதில் என் நினைவில் நிற்கவில்லை. அங்கே இயந்திரங்கள் தொலைவிலேயே இரைச்சலோடு தம் வருகையை அறிவித்துவிடுகின்றன; எனவே கூர்ந்து கேட்க வேண்டிய தேவை குறைகிறது.

மடிக்கணினியின் சொந்த ஒலிபெருக்கியில் விளையாடுவதாக இருந்தால் இதில் எதுவும் விளங்காது. ஒலி எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்பதைக் காட்டும் ஹெட்போன் கட்டாயம் வேண்டும். மேலே விசிறி ஓடினால் மெல்லிய காலடிகள் அதில் மறைந்துவிடும். நம் ஊர்க் கோடையில் விசிறியை நிறுத்தச் சொல்வதற்கில்லை. ஆதலால் காதை முழுமையாக மூடும் வகையாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

பரங்குன்றத்தான்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஊதுகொம்பின் இசையை நான் பின்னணி இசை என்று எண்ணிக் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று இரவே அதைப் பின்பற்றிப் பார்க்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. இப்போது ‘நார்மல்’ நிலையில் விளையாடுகிறேன். ‘எக்ஸ்பர்ட்’ நிலைக்கு மாற வேண்டுமா? ‘கோல்டு’ பதிப்பில் கூடுதலாகச் சேர்க்கப்பட்டவை எவை, அவை தேவையானவையா?

நிழல்நடை:

இங்கே கடின நிலை என்பது எதிரிகளைப் பற்றியது மட்டும் அல்ல தம்பி. செய்ய வேண்டிய பணிகளும் கூடுகின்றன. அதிக மதிப்புள்ள பொருள்களைத் திருட வேண்டும். மனிதர் எவரையும் கொல்லக் கூடாது. வாளை உறையிலேயே வைத்திருக்கச் சொல்லும் அந்த ஒரு விதிதான் இந்த ஆட்டத்தை முழுமையாக்குகிறது என்பதால், போன்ஹோர்டை இப்போதைய நிலையிலேயே முடித்துவிட்டு, ‘அசாசின்ஸ்’ மிஷனில் இருந்து எக்ஸ்பர்ட் நிலைக்கு மாறிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மிஷனுக்கு முன்பும் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

முதல் பதிப்பின் 12 மிஷன்களோடு, ‘தீவ்ஸ் கில்ட்’, ‘மேஜ் டவர்ஸ்’, ‘சாங் ஆஃப் தி கேவர்ன்ஸ்’ என்ற மூன்றை ‘கோல்டு’ பதிப்பில் சேர்த்தார்கள். மூன்றாவதில் ஓர் ஓபரா அரங்கத்துக்குள் நுழைகிறோம், அது அருமையானது. ‘தீவ்ஸ் கில்ட்’ நீளமும் குழப்பமும் மிகுந்த சாக்கடைப் பாதைகளால் ஆனது. ‘அசாசின்ஸ்’ முடிந்த உடனே வருவதால், அங்கே மீண்டும் சோர்வு ஏற்படலாம். அதைப் பொறுமையாகக் கடந்தால் அடுத்தது கான்ஸ்டன்டைனின் மாளிகைதான்.

கூரைவழி:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஆர்வலர்கள் உருவாக்கி 2012-இல் வெளியான ‘நியூடார்க்’ மேம்பாட்டை இரண்டு ஆட்டங்களிலும் நிறுவிக்கொள்ளுங்கள். அகலத் திரைக்கு ஏற்பப் படம் சரியாக அமையும். இன்றைய விண்டோஸில் இடையிடையே நின்றுபோகும் தொல்லையும் பெரும்பாலும் தீரும். உங்கள் கணினிக்கு இது ஒரு சுமையாக இருக்காது. எழுந்து வரும் பிணங்களோடு சண்டையிட்டு அம்புகளை வீணாக்க வேண்டாம். அவை மெதுவாக நடப்பவை, ஓடிக் கடந்துவிடலாம். கயிற்று அம்பைப் பயன்படுத்திய பின் மறக்காமல் பிடுங்கி எடுத்துக்கொள்ளுங்கள்; மரத்தில் தைத்திருக்கும் அதை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். ஊதுகொம்பை எடுத்த பிறகு வெளியேறவும் அது தேவைப்படலாம்.