"ரத்தம் நின்னுடுச்சாம்மா?"

இதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. போன ஆடி மாதம் ஒரு ராத்திரி என்னை நானே காயப்படுத்திக்கொண்டேன். முதல் தடவையும் இல்லை. சாக நினைத்தாயா என்றால் எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. மனசுக்குள் இருந்த பாரம் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

முந்தைய தடவை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டவர், "படிச்ச பொண்ணு பண்ற வேலையா இது? பெத்தவங்களை நினைச்சுப் பாத்தியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அதனால் இந்தத் தடவை எங்கும் போகக் கூடாது என்று பாத்ரூமிலேயே உட்கார்ந்திருந்தேன். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம் வேறு.

14416 என்ற எண்ணைப் போனில் எப்போதோ சேமித்திருந்தேன். டெலி மானஸ், 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண். எந்த நேரத்திலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். இரண்டு முறை அடித்துவிட்டுப் பயந்து நானே வைத்துவிட்டேன். மூன்றாவது முறை ஒரு பெண் எடுத்தார்.

அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். ஏன் செய்தாய் என்று கேட்பார், என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் தேடிக்கொண்டிருந்தேன். அவர், "ரத்தம் நின்னுடுச்சாம்மா?" என்றார்.

நிற்கவில்லை. சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். நான் துணி எடுத்து வரும்வரை லைனிலேயே இருந்தார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அக்கா பக்கத்து ரூமில் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் நிதானமாக, "தற்கொலை பண்ணிக்கணும்னு இப்போ தோணுதா?" என்றார். எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுக்காத வார்த்தை அது. அவர் கேட்டதும்தான் என்னால் உண்மையைச் சொல்ல முடிந்தது. "தோணிச்சு. இப்போ கொஞ்சம் கம்மியாயிருக்கு."

கேஸ் பற்றியும் கேட்டேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவுப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகத்தான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை தருவது அரசின் கடமை என்றார். 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை என்பதைப் பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். இது முன்பே தெரிந்திருந்தால் எத்தனை ராத்திரி பயப்படாமல் இருந்திருப்பேன்!

"அக்காவை எழுப்பலாமா? நான் லைன்ல இருக்கேன்" என்றார். எழுப்பினேன். அக்காவிடமும் பேசினார். திட்ட வேண்டாம், கையில் கிடைக்கிற ஆபத்தான பொருள்களை எடுத்து வையுங்கள், காயத்தை இப்போதே டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொன்னார். அக்கா ஸ்கூட்டியில் கூட்டிப்போனாள், வழியில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அங்கிருந்தே மறுபடி அழைத்து, மனநல மருத்துவரைப் பார்க்க வழி சொன்னார்கள்.

இப்போது சிகிச்சையில் இருக்கிறேன். கஷ்டமான நாள்கள் இன்னும் வருகின்றன. என் முகம் வாடியிருந்தால் அக்கா தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து, "இன்னிக்கு இங்கயே படுத்துக்கட்டுமாடி?" என்கிறாள்.